ஒரு சைட்டு அகலத் தடம்

அப்பாரு (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பெல்லாம் விட்டுப்போய், துணி ஒட்டி வைத்திருக்கிறோம். பூமியின் செக்குபந்தியை, அதாவது நாலு எல்லைகளை, சொல்லி முடித்த பிறகு அதில் ஒரு வரி வரும். "மேற்படி பூமிக்கு ஆள், மாடு கன்று, வண்டி வாகனாதிகள் போகவர, கீழ்புறமுள்ள தென்வடல் இட்டேரியில் உள்ள மாமூல் தடப்பாத்தியமும் சேர்ந்து." சின்ன வயதில் அப்பாரு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த வரியைத்தான் சத்தமாகப் படிக்கச் சொல்லுவார். எத்தனை ஏக்கர், என்ன விலை என்பதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "பூமி வாங்கறதுன்னா மொதல்ல தடத்தைப் பாரு கண்ணு, அப்புறம் தண்ணியப் பாரு" என்பார்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இட்டேரி என்றால் தெரியாமல் இருக்கலாம். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் வேலி கட்டிய வண்டித்தடம் அது. வேலி என்றால் கிளுவையும் கள்ளியும்தான். அதன் மேல் கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் ஏறிக் கிடக்கும். நடுவில் வண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு கோடுகள், அவற்றுக்கு நடுவே புல். மழை பெய்தால் சேறு. வெயில் காலத்தில் கௌதாரி குறுக்கே ஓடும். அகலம் பத்தடி, பன்னிரண்டடி இருந்தால் பெரிது. ஆனால் அந்த இட்டேரிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. எங்கள் தோட்டத்திலிருந்து தார் ரோட்டை மிதிக்காமலே அடுத்த ஊர்க் கோயில் நோன்பிக்குப் போய்விடலாம். எங்கள் ஊர் கோயம்புத்தூருக்கு வடகிழக்கே, சத்தி ரோட்டுக்கும் அவிநாசி ரோட்டுக்கும் நடுவில், காளப்பட்டிப் பக்கம். அப்போது அது நகரத்துக்கு வெளியே. 2011-இல் கோயம்புத்தூர் மாநகராட்சியை விரித்து நூறு வார்டுகள் ஆக்கியபோது காளப்பட்டி, சரவணம்பட்டி, விளாங்குறிச்சி, துடியலூர், வடவள்ளி, குறிச்சி, குனியமுத்தூர் என்று சுற்றியிருந்த ஊர்கள் உள்ளே வந்தன. காகிதத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் ஆனோம். தோட்டத்தை வீட்டு மனைகளாகப் பிரித்துச் சைட்டுக் கல் நடுவது அதற்குப் பல வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது.

இப்போது அதே பூமியில், எங்கள் பங்குக்கு மிஞ்சிய இடத்தில் வீடு கட்டி இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஏழடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு லேஅவுட். அங்கே சின்னம்மா வீடு இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சின்னம்மா துணி காயப்போடுவது தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரம். வண்டியை எடுத்துக்கொண்டு போனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். எங்கள் நகரின் ஆர்ச் வரை போய், மெயின் ரோட்டில் இடது பக்கம் திரும்பி, சென்டர் மீடியன் முடிகிற இடத்தில் யூ டர்ன் போட்டு, திரும்பி வந்து அவர்கள் ஆர்ச்சுக்குள் நுழைந்து, கடைசி வீதி வரை போக வேண்டும். அம்மா இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. முக்காலி போட்டு ஏறிச் சுவருக்கு மேலே குழம்புப் பாத்திரத்தை நீட்டுவார். அந்தப் பக்கம் சின்னம்மாவும் ஒரு முக்காலி வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது. அந்தச் சுவர் நிற்கிற இடம்தான் பத்திரத்தில் சொன்ன தென்வடல் இட்டேரி.

அந்தச் சுவர்தான் என்னை வீதிகளை எண்ண வைத்தது. வீதி எண்ணுவதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது, ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று அங்கிருந்து எத்தனை பக்கம் போக முடியும் என்று பார்க்க வேண்டும். நால்ரோடு என்றால் 4, மூணு ரோடு என்றால் 3, முட்டுச்சந்தின் முனை என்றால் 1. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த இடம் எவ்வளவு பின்னியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் நகரில் நடுவே ஒரு முப்பதடி ரோடு, அதைக் குறுக்கே வெட்டும் நாலு வீதிகள். குறுக்கு வீதி ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் சுவரிலோ வேலியிலோ போய் முட்டும், நடு ரோடும் கடைசியில் ஒரு சுவரில் முட்டும். ஆக ஒன்பது முட்டுச்சந்து, நாலு நால்ரோடு, மெயின் ரோட்டில் சேரும் வாயில் ஒரு மூணு ரோடு. மொத்தம் பதினான்கு முனைகளுக்கு 28, சராசரி 2. இப்போது குறுக்கு வீதிகளின் எட்டு முனைகளிலும் அடைப்பு இல்லை, அவை பக்கத்து லேஅவுட்டின் வீதிகளோடு நேராகச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது ஆறு முனை, கூட்டினால் 20, சராசரி 3.3. வீடு அதே வீடு, ரோட்டின் நீளமும் அதேதான். எட்டு இடத்தில் அடைப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு அளவும் உண்டு. காக்கை பறக்கிற தூரம் எவ்வளவு, நாம் நடக்கிற தூரம் எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பது. கட்டம் கட்டமாக வீதி போட்ட ஊரில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் நடக்கிற தூரம், காக்கை பறக்கிற தூரத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் போகாது. அது கணக்கு, மாறாது. எங்கள் லேஅவுட் மாதிரி மரக்கிளை வடிவத்தில் வீதி இருந்தால் அதற்கு எல்லையே கிடையாது. எங்கள் வீட்டுக்கும் சின்னம்மா வீட்டுக்கும் கணக்குப் போட்டுவிட்டு, சரி போகட்டும் என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்கு வீதி போடத் தெரியாமல் இல்லை. ஆர்.எஸ். புரம் போய்ப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்து ஊரை உலுக்கியது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் இங்கே கோயில்கள் இருக்கின்றன என்றால் அந்தப் பயம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி என்று நெருக்கியடித்த பழைய ஊருக்கு மேற்கே, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று விரித்ததுதான் இந்தப் பகுதி. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் பெயரால் இரத்தினசபாபதிபுரம். டி.பி. ரோடு, அதற்கு இணையாகவும் குறுக்காகவும் பொன்னுரங்கம் ரோடு, லோகமான்யா வீதி, பாஷ்யகாரலு ரோடு, ஆரோக்கியசாமி ரோடு என்று போகும். ஒரு வீதியில் கல்யாணப் பந்தல் போட்டு அடைத்திருந்தால் அடுத்த வீதியில் போகலாம், அதிலும் லாரி நின்றால் அதற்கடுத்த வீதி. டாடாபாத்தும் காந்திபுரமும் அப்படித்தான், வீதிக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லாமல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போனார்கள். அங்கே புதிதாகக் குடிவந்த ஒருவர் வழி தொலைத்தாலும் எப்படியும் ஏதோ ஒரு பெரிய ரோட்டில் வந்து சேர்ந்துவிடுவார். எங்கள் பக்கம் வழி தொலைத்தால் ஒரு சுவருக்கு முன்னால் நின்று ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

அந்தக் கட்டம் ஏன் தொடரவில்லை என்பதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பெரிய வளாகங்கள் ஒரு காரணம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் மில்கள் பெருகின. மில் என்றால் பல ஏக்கர் காம்பவுண்டு, அதற்குள் பொது வீதி கிடையாது. கல்லூரிகள் அப்படி, பீளமேட்டு விமான நிலையம் அப்படி. ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது, அதைக் கடக்க இருக்கிற சில பாலங்களில்தான் மழை வந்தால் தண்ணீர் நிற்கும். லங்கா கார்னரும் கிக்கானி பள்ளிப் பக்கத்துப் பாலமும் ஒவ்வொரு மழைக்கும் செய்தியில் வரும். குளங்களும் பள்ளங்களும் (ஓடைகளை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இயற்கையாகவே வழியை மறிப்பவை. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். வாலாங்குளத்தின் குறுக்கே ரயிலும் பைபாஸ் ரோடும் போகிற மாதிரி இன்னொரு குளத்துக்கு ஆக வேண்டாம். சங்கனூர் பள்ளத்தின் மேல் ரோடு போட்டுவிட்டு இணைப்பு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் முதல் எதிர்ப்பு என்னுடையதாக இருக்கும்.

ஆனால் எங்கள் பக்கம் மில்லும் இல்லை, குளமும் இல்லை. இங்கே வீதியை அறுத்தது பாகப் பிரிவினைதான்.

எங்கள் குடும்பத்தையே சொல்கிறேன். அப்பாருவுக்கு மூன்று மகன்கள். பூமியைப் பிரிக்கும்போது மூன்று பேருக்கும் ரோட்டு முகப்பு வேண்டும், மூன்று பேருக்கும் கிணற்றுத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். அதனால் ரோட்டிலிருந்து உள்ளே நீள நீளமாகப் பட்டை போட்டுப் பிரித்தார்கள். கொங்கு நாட்டில் பாதிப் பூமி இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. போர்வெல்லில் தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே போன பிறகு, வேலைக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகு, பெரியப்பா அவர் பங்கை லேஅவுட்டுக்குக் கொடுத்தார். ஒரு பட்டை, எட்டு ஏக்கர். பட்டையில் லேஅவுட் போட்டால் வேறு எப்படி வரும்? நடுவே ஒரு ரோடு, இரண்டு பக்கமும் குறுக்கு வீதி, மீன் முள் மாதிரி. பக்கத்துப் பட்டை அப்போது இன்னும் தோட்டம், அங்கே வீதியை நீட்ட முடியாது. சில வருடம் கழித்து அதுவும் விற்பனைக்கு வந்தது, வேறு ஆள் வாங்கி வேறு லேஅவுட் போட்டார். அவருடைய குறுக்கு வீதிகள் எங்கள் குறுக்கு வீதிகளுக்கு நேரே வரவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இட்டேரி இரண்டு பக்கத்துப் பட்டாவிலும் பாதிப் பாதி. புறம்போக்கு இல்லை, கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று புள்ளிக்கோடு போட்டிருந்தால் சர்க்கார் கேட்டிருக்கும், அப்படியும் இல்லை. எங்கள் பத்திரங்களில் மட்டும்தான் அது உயிரோடு இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆறாறடி உள்ளே தள்ளி அளந்து, நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அந்த அங்கீகாரம் தேவையான ஒன்றுதான், அதைச் சாதாரணமாகப் பேசக்கூடாது. ரோட்டுக்கு இவ்வளவு அகலம், பெரிய லேஅவுட் என்றால் பத்தில் ஒரு பங்கு பொது உபயோகத்துக்கு ஒதுக்கும் ரிசர்வ் சைட், ரோட்டையும் ரிசர்வ் சைட்டையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் வந்ததால்தான் கொஞ்சமாவது ஒழுங்கு இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் அந்தப் பார்வை லேஅவுட்டின் நாலு எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கும். எல்லையில் என்ன ஆகிறது, பக்கத்தில் நாளைக்கு என்ன வரும் என்று யாரும் கேட்பதில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. லட்சக்கணக்கான குடும்பங்களின் பணம் அதில் இருந்தது, வேறு வழியில்லை என்பதும் புரிகிறது. ஆனால் அப்படி ஏற்றுக்கொண்டபோது அந்த முட்டுச்சந்துகளும் சட்டப்படி நிரந்தரமாகிவிட்டன.

நிரந்தரம் என்று சொல்வது மிகையில்லை. வீட்டை இடிப்பார்கள், மில்லை இடித்து மால் கட்டுவார்கள். வீதியின் கோடு மட்டும் நகராது. 1666-இல் லண்டன் எரிந்து சாம்பலான பிறகு கிறிஸ்டோபர் ரென் போன்றவர்கள் அழகான புதுத் திட்டங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். ஊர் பெரும்பாலும் பழைய வீதிகளின் மேலேயே எழுந்தது, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தாரே. நெருப்பாலேயே மாற்ற முடியாததை ஒரு மனு கொடுத்து மாற்றிவிட முடியுமா என்று சில இரவுகளில் தோன்றும்.

இது கோயம்புத்தூருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் இருக்கும் வீதிகளை வைத்து உலகம் முழுவதையும் அளந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1975-க்குப் பிறகு புதிதாகக் கட்டிய பகுதிகளில், உலகின் பெரும்பாலான இடங்களில், வீதிகள் மேலும் மேலும் துண்டு துண்டாகிக்கொண்டே வருகின்றன என்பது அதன் சாரம். அதற்கு முன்னால், 2015-இல், அமெரிக்காவை மட்டும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். அங்கே முட்டுச்சந்துப் போக்கு பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே போய், 1994 வாக்கில் உச்சம் தொட்டு, அதன் பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஏறியது இறங்கவும் செய்யும் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. முட்டுச்சந்தை ஊர் ஊராகப் பரப்பிய நாடே திரும்புகிறது என்றால் நாமும் திரும்பலாம்.

வீதி சேராததன் விலையைக் காரில் போகிறவர் பெட்ரோலில் கொடுத்துவிடுவார். மற்றவர்கள்தான் உடம்பால் கொடுக்கிறார்கள். எங்கள் நகரில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் மூன்று லேஅவுட்டுகளில் நாலு வீடு பார்க்கிறார். வீடுகள் எல்லாம் பக்கம் பக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் மெயின் ரோடு வரை போய்த் திரும்பி நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும் பிள்ளைகள் வேனில் போகிறார்கள், லாரி ஓடுகிற மெயின் ரோட்டில் நடக்கவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? டவுன் பஸ்ஸுக்கு ஊடு வழி வேண்டும். காந்திபுரத்திலிருந்து மருதமலைக்கு 70-ஆம் நம்பர் பஸ் போகிறது என்றால் வழி நெடுக ஆள் ஏறி இறங்க ஒரே ரோடு தொடர்ச்சியாக இருக்கிறது. நூறு மீன் முள் லேஅவுட்டுக்குள் எந்த பஸ் நுழைந்து எப்படி வெளியே வரும்? அதனால் வீட்டுக்கு இரண்டு ஸ்கூட்டர் ஆகிறது, அப்புறம் மூன்று. தண்ணீர்க் குழாயும் வீதியைப் பின்பற்றித்தான் போகும். முட்டுச்சந்தில் குழாயும் முட்டி நிற்கும், கடைசி வீட்டில் அழுத்தமும் குறையும், கசடும் சேரும். எங்கள் கடைசி வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தரம் குழாயைத் திறந்துவிட்டுக் கலங்கல் தண்ணீர் போகும் வரை நிற்பார்.

இந்த எல்லா ஒன்றரைக் கிலோமீட்டர்களும் சேர்ந்துதான் அவிநாசி ரோட்டு நெரிசல். ஊருக்குள்ளேயே சின்ன வீதிகளில் முடிந்திருக்க வேண்டிய பயணங்கள் எல்லாம் பெரிய ரோட்டில் வந்து விழுகின்றன. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டி முடித்திருக்கிறார்கள். விமான நிலையம் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி, நானே சந்தோஷமாகப் போய்வந்தேன். ஆனால் சின்னம்மா வீட்டுக்குப் போக அந்தப் பாலம் உதவாது. மேலே எத்தனை பாலம் கட்டினாலும், கீழே பக்கத்து வீதிக்குப் போக வழியில்லை என்றால் எல்லோரும் பாலத்தடியில்தான் நிற்போம்.

திருப்பூரை நினைத்துப் பாருங்கள். ஒரு பனியன் உருவாக நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கை மாற வேண்டும். பல சமயம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்தில் இருக்கும். துணி உருளையை ஏற்றிக்கொண்டு குட்டி யானை வேன்கள் சந்துக்குச் சந்து ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஊரின் தொழிலே வழிகளின் மேல் கட்டியதுதான். ஊர் வளர்ந்த வேகத்தில், ரயில் பாதையையும் நொய்யலையும் கடக்க இருக்கிற சில இடங்களில் அந்த ஓட்டம் முழுக்க வந்து நெருக்குகிறது. கூலிக்குத் தைக்கும் சின்ன யூனிட்காரருக்கு அரை மணி நேரம் என்பது அரை மணி நேரம் மட்டும் இல்லை, அன்றைக்கு லோடு போகுமா போகாதா என்பது.

வழி இல்லாமல் போவது எல்லா நேரமும் கவனக்குறைவால் மட்டும் நடப்பதில்லை. இதைச் சொல்லாமல் கொங்கு நாட்டு வீதிகளைப் பற்றி எழுதினால் நான் நேர்மையாக எழுதியதாகாது. எங்கள் ஊர்களில் ஊர் தனி, காலனி தனி. காலனிக்கு ஒரே ஒரு தடம், அதுவும் ஊருக்குள் வராமல் சுற்றிப் போகும். இட்டேரிகள் எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருந்தன என்று சொன்னால் அது பொய். சில இட்டேரிகளில் சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், அப்பாருவே சொல்லியிருக்கிறார். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் பக்கம் நடூரில் உயரமான ஒரு காம்பவுண்டுச் சுவர் மழையில் இடிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். அதன் பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும், இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், யார் வரக்கூடாது என்று இது நிற்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் என்னால் கடக்க முடியவில்லை. புது லேஅவுட்டுகளின் ஆர்ச்சும் கேட்டும் செக்யூரிட்டியும் அந்தப் பழைய பழக்கத்திலிருந்து முழுக்க விலகியவை என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் நகர்ச் சங்கக் கூட்டத்தில் நான் சுவரைத் திறக்கலாம் என்று பேசியபோது வந்த மறுப்புகள் எல்லாமே தள்ளிவிடக் கூடியவை இல்லை. திருட்டுப் பயம் உண்டு, தனியாக இருக்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள். முட்டுச்சந்தில் பிள்ளைகள் பயமில்லாமல் கிரிக்கெட் ஆடுகின்றன, என் மகளும் அங்கேதான் சைக்கிள் பழகினாள். ஊடு வழி ஆனால் காரெல்லாம் குறுக்கே பாயும் என்றார்கள். உண்மைதான். நான் கேட்டது கார் போகிற வழி இல்லை. நாலடி அகலம், நடக்கவும் சைக்கிள் தள்ளவும், நடுவில் ஒரு கல் நட்டு. நாலு பேர் நடமாடுகிற வீதியில்தான் திருடனுக்குப் பயம் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று கூட்டம் பேசினோம். இன்னும் முடிவாகவில்லை.

நகரத்து அளவில் செய்ய வேண்டியது வேறு. ஸ்கீம் ரோடு என்று கோயம்புத்தூரில் அடிக்கடி காதில் விழும். திட்டத்தில் கோடு போட்டு, நிலம் கையில் வராமல் ரோடாகாத கோடுகளும் அதில் உண்டு. இந்த ஊரின் முழுமைத் திட்டம் 1994-இல் ஒப்புதல் பெற்றது, ஏறத்தாழ முப்பது வருடம் அதை வைத்தே ஓட்டினோம். அந்த முப்பது வருடத்தில்தான் சுற்றியிருந்த தோட்டங்கள் எல்லாம் சைட்டுகள் ஆயின. இப்போது 2041-ஐ நோக்கிய புதுத் திட்டம் வந்திருக்கிறது. அகமதாபாத்தில் பல காலமாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் இருக்கும் எல்லோருடைய பூமியையும் ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான வடிவில் அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. அளவு குறையும், ஆனால் எல்லோருக்கும் ரோட்டு முகப்பு கிடைப்பதால் மதிப்பு ஏறும். 1915-ஆம் ஆண்டு பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் தொடங்கிய முறை அது, குஜராத் அதை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொடர்ந்து நடத்துகிறது. எங்கள் பட்டைப் பூமிகளுக்கு அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று அண்ணன் தம்பிகளின் மூன்று பட்டைகளையும் இட்டேரிக்கு அந்தப் பக்கத்துப் பூமியையும் ஒரே நாளில் ஒரே வரைபடத்தில் வைத்திருந்தால் அந்தச் சுவருக்கு வேலையே இருந்திருக்காது. இன்னும் தோட்டமாக இருக்கிற இடங்களில், அன்னூர்ப் பக்கம், சூலூர்ப் பக்கம், இப்போதே தடத்துக்குக் கோடு போட்டு வைக்க வேண்டும். கல் நட்ட பிறகு எல்லாம் தாமதம்.

போன மாதம் ஒரு சேதி வந்தது. எங்கள் நகருக்கு மேற்கே இருக்கிற கடைசித் தோட்டத்தை விற்கப் போகிறார்களாம். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா முறை. தென்னை எல்லாம் காய்ந்துவிட்டது, மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அவர் விற்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புல வரைபடத்தின் நகலையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்துச் சாளை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள்.

"ஏனுங் மாமா, லேஅவுட்டுக்காரங்க பிளான் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லீருங்க. எங்க நகரோட ரெண்டாவது குறுக்கு வீதி உங்க வேலியிலதான் முட்டுது. அதுக்கு நேரா உங்க பக்கமும் ஒரு வீதி வரட்டும். சுவரு வேண்டாமுங்க" என்றேன்.

மாமா பென்சிலை வாங்கி அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தார். பிறகு திண்ணையில் விரலால் கணக்குப் போட்டார். முப்பதடி அகலம், வேலியிலிருந்து அவருடைய நடு ரோடு வரை அறுபதடி நீளம். ஆயிரத்து எண்ணூறு சதுர அடி.

"நாலு சென்ட்டுக்கு மேல வருது. ஒரு சைட்டு போயிருமல்ல கண்ணு."

"போகுமுங்க மாமா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் பந்து அடிக்கிற சத்தம் கேட்டது. "இந்த வேலி ஓரமாத்தான உங்க அப்பாரு ஏர் ஓட்டிட்டு வருவாரு" என்றார் மாமா. பந்து ஒன்று வேலியைத் தாண்டி வந்து தென்னை மட்டைகளுக்கு நடுவே விழுந்தது. ஒரு பையன் கிளுவைச் சந்தில் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தான். மாமா எழுந்து போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வரைபடத்தை மடிக்காமல் அப்படியே திண்ணையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் மோர்ச் சொம்பை வைத்தார்.

"புதன்கிழமை பிளான்காரன் வர்றான். நீயும் வா" என்றார்.